கண்ணுக்கு மூன்று அடி

சிவகாசி
19-1-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பொன்னுத்தங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். தூத்துக்குடிக் காற்று உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கிறாள். பொங்கலுக்கு நீங்கள் வராததால் ஒரு கரும்பை உங்களுக்கென்று அடுக்களை மூலையில் சாய்த்து வைத்திருக்கிறாள். காய்ந்துவிட்டது. எடுக்க விடமாட்டேன் என்கிறாள்.

நீங்கள் கேட்டிருந்த விவரம் வந்துவிட்டது. நம் அச்சகத்துக்கு மை அனுப்பும் பம்பாய் ஏஜெண்ட், தண்ணீருக்குள் படம் எடுக்கும் காமிராவைப் பற்றி விசாரித்து எழுதியிருக்கிறார். கடிதம் அப்பா பெயருக்கு வந்ததால் அப்பாவே பிரித்துவிட்டார். சாயங்காலம் கணக்கப்பிள்ளை போன பிறகு என்னை வாசிக்கச் சொன்னார்.

இரண்டு காமிராக்கள் கிடைக்குமாம். ஒன்று சாதாரணப் பெரிய காமிரா. அதை இரும்புப் பெட்டிக்குள் வைத்து, முன்னால் கண்ணாடி பொருத்தி, திருகாணிகளை முடுக்கித் தண்ணீரில் இறக்க வேண்டும். படம் பெரிதாக விழும், ஆனால் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். மற்றது வெளிநாட்டில் புதிதாகச் செய்தது, உள்ளங்கை அகலம்தான். பெட்டியே வேண்டாம். உடம்பிலேயே ரப்பர் வளையம் வைத்துத் தண்ணீர் புகாமல் மூடியிருக்கிறது. ஒரு கப்பல் இஞ்சினியர் தன்னுடையதைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். ஒரே குறை, அதில் தூரத்தைப் பார்த்துச் சரிசெய்ய வழி கிடையாது. எதிரே இருப்பது எத்தனை அடி என்று நாமே தெரிந்து குமிழைத் திருப்பி வைக்க வேண்டும். தப்பினால் படம் மங்கிவிடும்.

அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். என்மேல் கோபிக்க வேண்டாம். "காலேஜுல படிக்க வச்சது கடலுக்குள்ள சிப்பி எண்ணுறதுக்கா? சரி, அங்கன அம்புட்டு என்னத்தைக் கண்டான்னு ஒரு படமா எடுத்து அனுப்பச் சொல்லு. நம்ம காலண்டர்ல போடுற தரத்துல ஒரே ஒரு கடல் படம். ஆடிப் பதினெட்டுல காலண்டர் மாதிரி ஆல்பத்துக்குப் பூசை போடுறதுக்குள்ள வரணும். வந்துச்சுன்னா அவன் அங்கனயே இருந்துக்கிடட்டும், நான் வாயைத் திறக்கலை. வரலைன்னா வேலையை விட்டுட்டு வந்து அச்சாபீசுல உக்காரணும்."

என்னைக் கேட்டால் சின்னதுதான் நல்லது. நம் தோட்டத்துக் கிணற்றில் எனக்கு நீச்சல் பழக்கியபோது, கையில் எதையும் பிடிக்காதே, கை இரண்டும் தண்ணீருக்கு வேண்டும் என்றீர்கள். இரும்புப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு எப்படி நீந்துவது? எட்டாம் வகுப்போடு நின்றவள் சொல்வது. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் தங்கை,
பொன்னுத்தங்கம்


தூத்துக்குடி
2-2-1964

அன்புத் தங்கத்துக்கு,

அண்ணன் இராமகிருஷ்ணன் எழுதுகிறேன். காற்று ஒத்துக்கொள்கிறது, மீன் குழம்பும் ஒத்துக்கொள்கிறது என்று அம்மாவிடம் சொல். அப்பாவுக்கு என் நமஸ்காரம். அவர் சொன்னதை ஒத்துக்கொண்டேன் என்றும் சொல்.

நீ சொன்னபடி சின்னதையே எடுக்கிறேன். பெட்டிக் காமிராவை இறக்க எங்கள் லாஞ்சில் தனியாக ஆள் தரமாட்டார்கள். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். மாதத்தில் பாதி நாள் அந்தப் பார்களுக்குப் போய், முத்துச் சிப்பி எவ்வளவு விளைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அங்கே நான் பார்ப்பதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. படம் பேசும்.

தூரம் ஒரு பெரிய சங்கதி இல்லை. நான் புறப்பட்ட அன்று அப்பா கொடுத்த பித்தளை அடிக்கோல் என் மேசையில்தான் இருக்கிறது. 'கண்ணு ஏமாத்தும், கோல் ஏமாத்தாது' என்று சொல்லிக் கொடுத்தார். அதை வைத்தே அளந்துவிடுகிறேன்.

இனி வருவதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டும்போது விட்டுவிடு. காமிராவுக்கு ஈடாக, அம்மா என் கழுத்தில் போட்ட சங்கிலி பம்பாய்க்குப் போகிறது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

இங்கிருந்து மறுபடியும் வாசிக்கலாம். அனைவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இராமகிருஷ்ணன்


சிவகாசி
25-2-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம்.

நீங்கள் விடச் சொன்ன இடத்தை விட்டுத்தான் வாசித்தேன். ஆனால் ஒரு நொடி நின்றுவிட்டேன். "என்னத்தை முழுங்குதே?" என்றார் அப்பா. "எச்சிலைப்பா" என்றேன். அம்மா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

அடிக்கோலைப் பற்றி எழுதியிருந்ததை அப்பா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மறுநாள் காமிரா அறை சீனிவாசகம் அண்ணாச்சியிடம் தாமே போய், "பய ரோல் அனுப்புனா நம்ம இருட்டறையிலயே கழுவிக் குடுத்துரும்" என்றாராம். நீங்கள் அங்கே எந்த ஸ்டூடியோவிலும் கொடுக்க வேண்டாம், இங்கேயே அனுப்பிவிடுங்கள்.

சீசன் இல்லாத நாளாகையால் அச்சகத்தில் மத்தாப்புப் பெட்டி லேபிள் மட்டும் ஓடுகிறது. நான் வீட்டில் இருந்தபடி தாள்களைப் பார்த்து, நிறம் தள்ளி விழுந்ததைக் கழித்துக் கட்டுகிறேன். சிவப்பு ஒரு மயிரிழை விலகினாலும் அப்பா கோல் வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்.

பத்திரமாக முங்குங்கள்.

தங்கை,
பொன்னுத்தங்கம்


தூத்துக்குடி
20-3-1964

அன்புத் தங்கத்துக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுது. காமிரா வந்துவிட்டது. முதல் ரோலை இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். பிலிம் போட்டு மூடும்முன் ரப்பர் வளையத்தைத் துடைத்து, வாஸ்லின் தடவ வேண்டும். அதில் ஒரு தலைமுடி கிடந்தால்கூடத் தண்ணீர் உள்ளே போய்விடும். லென்ஸின் இரண்டு பக்கமும் இரண்டு குமிழ்கள். ஒன்று வெளிச்சத்துக்கு, ஒன்று தூரத்துக்கு. மங்கலான இடமென்றால் முதல் குமிழை அகலமாகத் திறக்க வேண்டும். அப்போது தூரம் மிகவும் சரியாக இருக்க வேண்டும், அரை அடிகூடப் பிசகக் கூடாது. கண்ணில் தண்ணீர் புகாத முகக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து இறங்கி, அசையாமல் அமுக்க வேண்டும். கடல் நம்மை அசைத்துக்கொண்டே இருக்கும்.

நான் ஒரு மூங்கில் கம்பை அடிக்கோலால் அளந்து, நான்கு அடியில் வெட்டி வைத்திருக்கிறேன். முங்கிச் சிப்பி எடுக்கும் குளியாள் சவரிமுத்து அதன் ஒரு நுனியைப் பவளப்பாறையில் வைப்பார். மறுநுனியில் நான் காமிராவைப் பிடித்து, குமிழை நான்கில் வைத்து அமுக்குவேன். மேலே வந்ததும் அவர் கேட்டார்: "என்ன தம்பி, மீனுக்குச் சட்டை தைக்கவா அளவெடுக்கீய?" லாஞ்சே சிரித்தது. சிரிக்கட்டும். அளந்த வேலை தப்பாது.

கடல் சித்திரை வரை தெளிவாக இருக்கும். அதற்குள் ஒரு படம் போதும் எனக்கு.

அன்புடன்,
இராமகிருஷ்ணன்


சிவகாசி
8-4-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மாவுக்கு இரண்டு நாள் ஜலதோஷம் இருந்தது, இப்போது குணம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

ரோலைக் கழுவியாகிவிட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எல்லாப் படத்திலும் ஏதோ இருக்கிறது, எதுவும் தெளிவாக இல்லை. சீனிவாசகம் அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "ரசச்சட்டிக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரில்லா இருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "முத ரோலுதானே தாயி, போகப் போக வந்துரும்" என்றார்.

ஒரு படத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். காமிராவைச் சவரிமுத்து கையில் கொடுத்தீர்களோ? மங்கலாக இருந்தாலும் அம்மா உங்களைக் கண்டுகொண்டாள். வெகுநேரம் பார்த்தாள். "கழுத்து வெறுங்கழுத்தா இருக்கே" என்றாள். கடலில் இறங்கும்போது கழற்றி வைப்பீர்களாயிருக்கும் என்றேன். "ஆமா, கடல் கொண்டுபோயிரும்" என்று அவளே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

அப்பா படங்களைச் சீட்டுக்கட்டுப் போல ஒவ்வொன்றாகப் பார்த்து மேசையில் கவிழ்த்தார். "அளந்தானா?" என்று மட்டும் கேட்டார். "அளந்துதான் எடுத்ததா எழுதியிருக்காகப்பா" என்றேன்.

இன்னும் நாள் இருக்கிறது, அண்ணே.

தங்கை,
பொன்னுத்தங்கம்


தூத்துக்குடி
12-5-1964

அன்புத் தங்கத்துக்கு,

உடனே பதில் எழுதாததற்கு உடம்பு காரணமல்ல. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மாவின் ஜலதோஷம் திரும்பாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது ரோலைக் கழுவி நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். அதுவும் முதல் ரோலைப் போலத்தான். கம்பை மறுபடி அளந்தேன், சரியாக நான்கு அடி. மூன்றாவது ரோலை இன்னும் கவனமாக எடுத்தேன். அது முடிவதற்குள் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பிவிட்டது. கடலடி மண் கலங்கி, நீட்டிய கை தெரியவில்லை. இனிக் கார்த்திகை மார்கழி வரை இப்படித்தான். லாஞ்சைக் கரையேற்றிவிட்டார்கள்.

இஞ்சினியர் கொடுத்த காமிரா பழுதாயிருக்கலாம். அல்லது எனக்கு வரவில்லை. எப்படியானாலும் ஆடி வந்துவிடும். நான் அப்பாவிடம் ஒத்துக்கொண்டவன்.

உப்பு லோடு ஏற்றி வரும் பெத்தணன் லாரியில் காமிராவையும் முகக்கண்ணாடியையும் ஒரு பையில் கொடுத்தனுப்புகிறேன். இங்கே வீட்டுத் தண்ணீரும் உப்பு. நம் தோட்டத்துக் கிணற்று நல்ல தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவு. உள்ளே இருக்கும் ரோலில் நாலைந்து படத்துக்கு இடம் மிச்சம் இருக்கிறது. அது கிடக்கட்டும். சுற்றி எடுத்து, சீனிவாசகம் அண்ணாச்சியிடம் கொடுத்துவிடு. பிறகு காமிராவை விற்றுச் சங்கிலியை மீட்கப் பார்க்கிறேன்.

இதில் எதை விட்டு எதை வாசிப்பதென்று நீயே பார்த்துக்கொள்.

இராமகிருஷ்ணன்


சிவகாசி
6-6-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அனைவரும் நலம். மழை இல்லை. வெயிலில் காயவைத்த வெடிமருந்துபோல ஊரே சூடாக இருக்கிறது.

பை வந்து சேர்ந்தது. நீங்கள் சொன்னபடி தோட்டத்துக் கிணற்றில் கழுவினேன். நன்றாகக் கழுவினேன். கூட வந்த சித்தப்பா மகள் செல்லக்கனி, "இன்னுமாட்டி கழுவுதே, தேய்ஞ்சிரப் போகுது" என்று படியில் இருந்து சத்தம் போடும்வரை கழுவினேன்.

ரோலையும் கொடுத்தேன். அதில் ஒரு படம் நன்றாக வந்திருக்கிறது. சீனிவாசகம் அண்ணாச்சி ஈரம் காயும்முன்னே அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு மீன் நேராக முகத்தைப் பார்த்து வருகிறது. அதைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாகச் சின்ன மீன்கள், மேலிருந்து வெயில் கம்பி கம்பியாக இறங்குகிறது. "என்ன மீனுன்னு தெரியலையே முதலாளி" என்றாராம் அண்ணாச்சி. "கடல்ல ஆயிரம் மீனு இருக்கும், நமக்கு என்ன தெரியும்" என்று அப்பா சிரித்தாராம். அப்பா சிரித்ததை நான் பார்க்கவில்லை, அண்ணாச்சி சொன்னதுதான்.

சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "அவன் அங்கனயே இருந்துக்கிடட்டும்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

தங்கை,
பொன்னுத்தங்கம்


தூத்துக்குடி
10-6-1964

அன்புத் தங்கத்துக்கு,

நலம், நலம், நலம். உன் கடிதத்தை வாசித்துவிட்டு நேரே கடற்கரைக்குப் போய் நின்றேன். சவரிமுத்துவுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். "சட்டை அளவு சரியாப் போச்சா?" என்றார்.

எந்தப் படம் அது? அப்படி ஒரு மீனை நேருக்கு நேர் எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கூட்டத்தில் அதுவாக வந்து விழுந்திருக்கலாம். ஒரு பிரதியை உடனே அனுப்பு. ஆபீசில் காட்ட வேண்டும். அப்பாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

அன்புடன்,
இராமகிருஷ்ணன்


தூத்துக்குடி
4-7-1964

அன்புத் தங்கத்துக்கு,

நீ சுகமாக இருக்கிறாயா? நீ பதில் எழுதாமல் இத்தனை நாள் இருந்ததில்லை. பொறுத்துப் பார்த்து, சீனிவாசகம் அண்ணாச்சிக்கு ஒரு கார்டு போட்டேன். நேற்றுப் படம் வந்தது.

தங்கம், அது விரால். சுற்றியிருப்பது அதன் குஞ்சுகள். கடலில் விரால் கிடையாது.

நம் ஊரில் எல்லோரும் விராலைக் கூடையில் கிடப்பாய்த்தான் பார்த்திருக்கிறோம். முகத்துக்கு முகம் யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே மீன்காரர் வீட்டுக் குழந்தைகூடச் சொல்லிவிடும். இதைக் கடல் படம் என்று போட்டால், தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துக் கடைகளில் அப்பாவின் காலண்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் யோக்கியன் என்று எண்ணிவிடாதே. படத்தை மேசை டிராயருக்குள் போட்டுவிட்டு, பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் ராத்திரி முழுவதும் நினைத்தேன். இந்த வேலையை விட்டுவிட்டு அச்சாபீசில் உட்கார எனக்கு முடியாது, தங்கம். காலையில் எடுத்து மறுபடியும் பார்த்தேன். மீனின் கண் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. என் படம் ஒன்றுகூட இப்படி வரவில்லை.

கோபமாக எழுதவில்லை. எப்படி எடுத்தாய்? எதைக் கொண்டு அளந்தாய்? இதை மட்டும் நீ தனியாக வாசி.

அண்ணன்,
இராமகிருஷ்ணன்


சிவகாசி
9-7-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மா அப்பா நலம். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உங்களுக்கே தெரிந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நானும் செல்லக்கனியும் தோட்டத்துக்குப் போனோம். காமிராவை வாளியில் ஊறவைத்தேன். முகக்கண்ணாடியைச் சும்மா மாட்டிப் பார்த்தேன். "ஏட்டி, தவளை மாதிரி இருக்கே" என்று செல்லக்கனி சிரித்தாள். வெட்கமாக இருந்ததால் தண்ணீருக்குள் முங்கிவிட்டேன்.

அண்ணே, பிறந்ததில் இருந்து அந்தக் கிணற்றில் நீந்துகிறேன். அது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கல்லிடுக்கில் முளைத்த பாசி தலைமுடிபோல ஆடுகிறது. பம்பு செட்டுக் குழாய் ஒரு கறுத்த தூண். உச்சிவெயில் நேராக இறங்கி அடியில் வட்டமாக விழுகிறது. மூச்சு முட்டும்வரை பார்த்தேன். மேலே வந்து வாளியில் கிடந்த காமிராவை எடுத்தேன். நாலைந்து படத்துக்கு இடம் இருக்கிறதென்று எழுதியிருந்தீர்கள். எடுக்கக் கூடாது என்று எழுதவில்லை.

வெளிச்சக் குமிழை அகலமாகத் திறந்தேன். நீங்கள் பங்குனியில் எழுதியது எனக்கு மனப்பாடம். தூரத்துக்கு என்னிடம் கம்பு இல்லை, பிடிக்கச் சவரிமுத்தும் இல்லை. விரால் குஞ்சுகளைக் காவல் காத்தபடி வந்தது. நான் அசையவில்லை. பார்வைக்கு மூன்று அடியில் இருப்பதுபோலத் தெரிந்தது. மூன்றில் வைத்து அமுக்கினேன். அவ்வளவுதான். அளக்கவே இல்லை.

உங்கள் ரோலோடு சேர்ந்து அதுவும் வரும் என்று தெரியும். மற்றவற்றைப் போல மங்கலாக வரும், யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். அப்பா என்னைக் கூப்பிட்டு நீங்கள் அங்கேயே இருக்கட்டும் என்றபோது, அது நம்ம கிணறுப்பா என்று சொல்ல வாய் திறந்தேன். அப்பாவிடம் நானாக ஒரு பேச்சுப் பேசியது கிடையாது, உங்களுக்குத் தெரியும். அப்பாவின் முகம் சந்தோஷமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் தீட்டும் ஆர்ட்டிஸ்ட் கடலுக்கு நீலம் போட ஆரம்பித்துவிட்டார். ஆடி பிறக்கப் போகிறது. சொன்னால் நீங்கள் வேலையை விட்டு வர வேண்டும். சொல்லாவிட்டால் அப்பாவைப் பார்த்து ஊர் சிரிக்கும். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

தங்கை,
பொன்னுத்தங்கம்


தூத்துக்குடி
14-7-1964

அன்புள்ள அப்பாவுக்கு,

இராமகிருஷ்ணன் நமஸ்காரத்துடன் எழுதுவது. நான் நலம். தாங்களும் அம்மாவும் தங்கமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கம் இதை வாசிப்பாள். தங்கம், இதில் விட்டுவிட்டு வாசிக்க ஒரு வரியும் இல்லை.

மீன் படம் நான் எடுத்ததல்ல. கடலில் எடுத்ததும் அல்ல. அது நம் தோட்டத்துக் கிணறு, நம் கிணற்று விரால். எடுத்தவள் தங்கம். யாரையும் ஏமாற்ற எடுக்கவில்லை. என் ரோலின் கடைசியில் மிச்சம் இருந்த இடத்தில் எடுத்தாள். அது என்னுடையது என்று தாங்கள் எண்ணியபோது, பயத்தில் பேசாமல் இருந்துவிட்டாள். ஆல்பத்தில் கடல் படம் என்று போட வேண்டாம்.

என் படங்கள் ஏன் மங்கின என்பதும் இவள் படத்தால்தான் எனக்கு விளங்கியது. தண்ணீருக்குள் நான்கு அடி தள்ளி இருப்பது கண்ணுக்கு மூன்று அடியில் தெரியும். காமிராவும் ஒரு கண்தான், அதற்கும் மூன்று அடியில்தான் தெரியும். நான் கோலை நம்பி நான்கில் வைத்தேன். தங்கம் கண்ணை நம்பி மூன்றில் வைத்தாள். இயற்பியல் புத்தகத்தில் படித்தவன்தான் நான். கையில் கோல் இருந்ததால் யோசிக்கவில்லை.

தெரிந்தபோது கடல் மூடிவிட்டது. நான் சொன்ன சொல் சொன்னதுதான். ஆடிப் பதினெட்டுக்கு முன் வந்துவிடுகிறேன்.

சங்கிலியும் கடலில் போகவில்லை, காமிராவுக்காகப் பம்பாய்க்குப் போனது. அம்மா மன்னிக்க வேண்டும்.

தங்கள் மகன்,
இராமகிருஷ்ணன்


சிவகாசி
24-7-1964

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லோரும் நலமாக இருக்கிறோம். நீங்கள் பெட்டி கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு இதை வாசியுங்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. விளக்கு வைத்ததும் அப்பா வழக்கம்போல நாற்காலியில் சாய்ந்து, "வாசி" என்றார். வாசித்தேன். 'எடுத்தவள் தங்கம்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அப்பா கண்ணைத் திறந்தார். "என்னத்தை முழுங்குதே?" என்றார். அம்மா செம்பை எடுக்க எழுந்தாள். "தண்ணி வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த வரியை முதலில் இருந்து வாசித்தேன். கடைசிவரை ஒரு எழுத்தை விடவில்லை.

சங்கிலிக்கு அம்மா மட்டும், "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். அப்பா எழுந்து அச்சகத்துக்குப் போய்விட்டார். மறுநாள் ஆர்ட்டிஸ்ட் நீலத்தை நிறுத்தினார். ஐந்து நாள் நானும் அப்பாவும் ஒரே வீட்டில் இருக்கிறோமா என்றே தெரியவில்லை.

நேற்றுக் காலை, "தோட்டத்துக்கு வா" என்றார். ஆமத்தூர் ரோடு வரை வில்வண்டியில் நானும் அப்பாவும் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா கிணற்றுப் படியில் இறங்கினார். கையில் அச்சகத்து மரக்கோல் இருந்தது.

"எங்கன நின்னு எடுத்தே?"

காட்டினேன்.

"மீனு எங்கன?"

காட்டினேன். விரால் அங்கே இல்லை. குஞ்சுகள் பெரிதாகிப் பிரிந்து போயிருக்கும்.

அப்பா கடைசிப் படியில் குந்தி, கோலைப் பாதி வரை தண்ணீரில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். தண்ணீருக்கு மேலே இருந்த அங்குலம் ஒரு அளவு, கீழே இருந்த அங்குலம் ஒரு அளவு. கீழே எல்லாம் நெருங்கிக் குட்டையாகத் தெரிந்தது. கோலை எடுத்தார், வேட்டியில் துடைத்தார், கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். மறுபடியும் விட்டார். மறுபடியும் குட்டையானது. நான் எத்தனையோ முறை வாளிக் கயிறு அப்படித் தெரிவதைப் பார்த்திருக்கிறேன். அப்பா பார்த்ததில்லை போலும். அப்பாவுக்குக் கிணறு என்றால் பம்பு செட்டுதான்.

"நீ எதை வச்சு அளந்தே?"

"அளக்கலைப்பா. தெரிஞ்சதை வச்சேன்."

"பயமா இல்லையா, தப்பாப் போயிரும்னு?"

"தண்ணிக்குள்ள இல்லைப்பா. மேல வந்த பிறகுதான் பயம்."

அப்பா சிரித்தார். இந்த முறை நானே பார்த்தேன்.

படியேறும்போது பாதியில் நின்று, எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: "அவன் மேல என்ன தப்பு? கோலைக் குடுத்தனுப்புனது நானு."

வீட்டுக்கு வந்ததும் சீனிவாசகம் அண்ணாச்சியை வரச் சொன்னார். விரால் படம் விராலாகவே ஆல்பத்தில் போகிறது. "கடலைத்தானே போடக் கூடாது, கிணத்தைப் போட்டா எவன் சிரிக்கான்?" என்றார் அப்பா. நீலத்தைக் கழுவிவிட்டுப் பாசிப்பச்சை போடுகிறார்கள். குஞ்சுகளுக்கு என்ன நிறம் என்று ஆர்ட்டிஸ்ட் கேட்டு அனுப்பினார். செங்காவி என்று நானே போய்ச் சொன்னேன்.

காமிராவை நாளை பெத்தணன் லாரியில் கொடுத்தனுப்புகிறேன். ரப்பர் வளையத்துக்கு வாஸ்லின் தடவி, புது ரோல் போட்டிருக்கிறேன். முதல் நான்கு படம் உங்களுக்கு இல்லை, நான் எடுத்தாயிற்று, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

உங்களைப் பற்றி அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. இன்று காலை அச்சகத்துக்குப் புறப்படும்போது மட்டும் வாசலில் நின்று, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "கார்த்திகையில கடல் தெளியும்னு எழுதியிருந்தான்லா? அதுக்கு முன்னால அந்தப் பித்தளைக் கோலை லாரியில குடுத்து விடச் சொல்லு. இங்கன நிறம் விலகாம ரிஜிஸ்டர் பார்க்க ஆகும். அங்கன அவனுக்கு அது எதுக்கு?"

மறக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் தங்கை,
பொன்னுத்தங்கம்